கொரோனர் என்னும் பதவியும் இந்தியானாச் சட்டங்களும்

விபத்திலோ, ஐயத்திற்கிடமான முறையிலோ, காரணம் விளங்காமலோ ஒருவர் இறந்துவிட்டால், மரண விசாரணை அதிகாரி அதனை ஆராய்ந்து முடிவு கூறுவார் என்பது சிங்கப்பூர், மலேசியா நாளேடுகளைப் படிக்கும் யாவரும் அறிந்ததே. கொரோனர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இப்பதவி ஆங்கில ஆட்சியோடு கடல் கடந்து சென்ற ஒன்றாகும். சிங்கப்பூரில் அது நீதிமன்றத்தைச் சார்ந்த பணியாக வளர்ந்தது. 2010ஆம் ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் அமெரிக்காவிலோ அது வேறு வழியில் வளர்ந்தது. அங்குப் பல மாநிலங்களில் இன்றும் கொரோனர் என்பவர் தேர்தலில் நின்று, வாக்குக் கேட்டு, வென்று பதவி ஏற்பவர். அவர் மருத்துவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை.

அத்தகைய மாநிலங்களுள் ஒன்று இந்தியானா. அதே இந்தியானாதான் 2023ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பாத எவருக்கும் பாலின மாற்றம் சார்ந்த மருத்துவம் செய்தலாகாது என்று மருத்துவர்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. இறந்தவர் உடலைப் பற்றி முடிவு கூறும் பொறுப்பை மருத்துவம் பயிலாதவர் கையிலும் கொடுக்கும் அரசு, உயிரோடிருக்கும் சிறாரின் உடலைப் பற்றி மருத்துவருக்கே ஆணையிடுகின்றது. இவ்விரண்டும் எப்படி ஒரே மாநிலத்தில் குடிகொண்டன என்பதை வரலாற்று நோக்கில் காண்பது பயனுடையதாகும்.

அரசன் வருவாய்க்காக எழுந்த பதவி

இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் சிறைப்பட்டான். அவனை மீட்பதற்குக் கேட்கப்பட்ட பணம் 1,50,000 மார்க்கு. நாடே வறண்டுபோயிற்று. அந்நிலையில் காண்டர்பரித் தலைமைக் குருவும் அரசின் முதன்மை நீதியதிகாரியுமான ஹியூபர்ட் வால்ட்டர், மன்னனுக்குச் சேரவேண்டிய ஒவ்வொரு காசையும் கணக்கிட வழி தேடினார். 1194ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்று வீரப்பெருமக்களும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, முடியரசுக்குரிய வழக்குகளைக் காத்துவரவேண்டும் என்று ஆணை பிறந்தது. முடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து கொரோனர் என்ற பெயர் வந்தது. கவுண்டி என்பதை நம்மவர் மாவட்டம் எனக் கொள்ளலாம்.

சாவுக்கும் அரசன் கருவூலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்தில் நெருங்கிய தொடர்பு இருந்தது. கொலை செய்தவனின் உடைமைகள் மன்னனுக்கு. இறந்து கிடந்தவன் ஆங்கிலேயன் என்று ஊரார் மெய்ப்பிக்காவிட்டால், அவன் நார்மானியன் எனக் கொள்ளப்பட்டு ஊர் முழுமைக்கும் தண்டம். இவ்வழக்கம் 1340இல்தான் ஒழிந்தது. ஒருவன் மேல் வண்டி ஏறி அவன் இறந்தால், அவ்வண்டியோ அதன் விலையோ அரசனுக்கு. இவ்விதி 1846 வரை, அதாவது புகைவண்டிகள் ஓடத் தொடங்கிய பின்னரும், சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பது வியப்பானது. தண்டவாளத்தில் ஆள் இறந்தால் இஞ்சினையே பறிமுதல் செய்வதா என்ற சிக்கல் எழுந்தபிறகே அதனை நீக்கினார்கள்.

இவற்றுள் இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது தற்கொலை பற்றிய விதி. தன்னுயிரைத் தானே மாய்த்தவன் குற்றவாளி எனக் கருதப்பட்டான். அவன் உடைமைகள் முடியரசுக்குப் போயின. உடலை நாற்சந்தியில் புதைக்கும் கொடிய வழக்கமும் இருந்தது. அதனை 1823இல் நீக்கினர். உடைமை பறிக்கும் சட்டம் 1870இல் நீங்கிற்று. ஆகவே கொரோனரும் அவர் முன் அமர்ந்த ஊர்ச்சான்றோரும் தற்கொலை என்ற ஒரு சொல்லை உச்சரித்தால், மனைவி மக்கள் தெருவில் நின்றனர். சான்றோர் என்ன செய்தார்கள்? இறந்தவர் சித்தம் கலங்கிய நிலையில் இருந்தார் என்று தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் இத்தகைய தீர்ப்பே பெருவழக்காயிற்று. கொரோனரின் முடிவு என்பது உண்மையை மட்டுமன்றி, உயிரோடு எஞ்சியிருப்பவர் நலத்தையும் எண்ணிச் சொல்லப்படும் சொல் என்ற பழக்கம் அப்போதே வேரூன்றிற்று. பின்னால் வருவனவற்றைப் படிக்கும்போது இதனை மறவாதிருப்பது நலம்.

இந்தியானாவுக்கு வந்த விதம்

ஆங்கிலக் குடியேறிகள் தங்கள் நாட்டு ஷெரிப்பையும் கொரோனரையும் அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். விடுதலை பெற்ற பின்னர், முடியரசன் இல்லாத நாட்டில் முடியின் பெயர்தாங்கிய பதவி மட்டும் நின்றது. இந்தியானா 1816 டிசம்பரில் மாநிலமாயிற்று. அவ்வாண்டின் அரசியலமைப்பிலேயே ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு ஷெரிப்பும் ஒரு கொரோனரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவேண்டும் என்று எழுதினர். 1851இல் புதிய அரசியலமைப்பு வந்தபோதும் கொரோனர் நீங்கவில்லை. இன்றைக்கும் அம்மாநிலத்தின் 92 கவுண்டிகளிலும் நான்காண்டுக்கு ஒருமுறை கொரோனர் தேர்தல் நடக்கிறது. ஷெரிப்பைக் கைது செய்யும் ஆணை வந்தால் அதனை நிறைவேற்றவேண்டியவர் கொரோனரே என்ற பழைய விதியும் அப்படியே உள்ளது. மன்னன் தன் ஷெரிப்பை நம்பாமல் கொரோனரை வைத்தான் அல்லவா, அதன் எச்சம் இது.

மற்ற இடங்களில் மாற்றம் முன்பே தொடங்கியது. மாசசூசெட்சு மாநிலம் 1877இல் கொரோனர் பதவியையே ஒழித்து, மருத்துவர்களை அவ்விடத்தில் அமர்த்திற்று. நியூயார்க் நகரில் 1915ஆம் ஆண்டு லியோனார்டு வால்ஸ்டீன் என்ற கணக்காய்வு அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நகரில் கொரோனராக இருந்தவர்களுள் பிணம் அடக்கம் செய்யும் தொழிலினர், மதுக்கடைக்காரர், குழாய் பொருத்துபவர், பால்காரர், இசைவாணர் ஆகியோரெல்லாம் இருந்தனர் என்று அது எடுத்துக்காட்டிற்று. லஞ்சமும் மலிந்திருந்தது. அதன் பயனாக 1918இல் அங்குக் கொரோனர் முறை போய், சார்லசு நாரிசு என்ற மருத்துவர் தலைமை மருத்துவ ஆய்வாளர் ஆனார். 1928இல் தேசிய ஆராய்ச்சிக் குழு, கொரோனர் முறையை எங்கும் ஒழிக்கவேண்டும் என்றது. 2009இல் தேசிய அறிவியற் கழகத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. எண்பது ஆண்டுகள் இடைவெளியில் ஒரே பரிந்துரை!

அந்த 2009ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியானா பற்றி ஒரு செய்தி உண்டு. உயர்நிலைப்பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் கொரோனர் தேர்வில் தேறி, இந்தியானாவின் ஓரிடத்தில் துணைக் கொரோனராக அமர்த்தப்பட்டார் என்பதே அது. மாணவரின் ஆர்வத்தைப் பாராட்டலாம். பதவியின் நிலையை எண்ணாமல் இருக்க முடியாது.

இந்தியானாவுக்கு நேர்மையாகவும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் கொரோனர் பயிற்சி பெறவேண்டும் என்று அம்மாநிலம் விதித்துள்ளது. பிணத்தை அறுத்து ஆய்வதையும் நோய்க்குறியியல் மருத்துவரே செய்யவேண்டும். ஆனால் இயற்கை மரணமா, விபத்தா, தற்கொலையா, கொலையா, முடிவு செய்ய இயலாததா என்று இறப்புச் சான்றிதழில் வகை குறிக்கும் பொறுப்பு கொரோனருடையது.

உயிருள்ள உடல்மேல் அரசு

இனி மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் மக்கள் உடல்நலம், ஒழுங்கு, கல்வி ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. யார் மருத்துவம் செய்யலாம் என்று உரிமம் வழங்கவும் மறுக்கவும் மாநிலத்திற்கு அதிகாரம் உண்டு என்பது 1889ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், அம்மைத் தடுப்பு ஊசியைக் கட்டாயமாக்கலாம் என்பது 1905ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றத்தால் உறுதியாயின. இவை நல்ல நோக்கில் வந்தவை. ஆனால் அதிகாரம் என்பது கத்தி போன்றது. பிடிக்கும் கையைப் பொறுத்தது.

அக்கத்தி கீறிய முதல் இடங்களுள் ஒன்று இந்தியானாவே. ஜெபர்சன்வில் சீர்திருத்தச் சிறையில் ஹாரி சார்ப் என்ற மருத்துவர் 1899 முதல் கைதிகளுக்கு மலடாக்கும் அறுவை செய்து வந்தார். 1907 மார்ச்சில், குற்றவாளிகள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் முதலியோரை அவர்கள் இசைவின்றியே மலடாக்கலாம் என்று சட்டம் வந்தது. ஆளுநர் பிராங்கு ஹேன்லி கையொப்பமிட்டார். உலகிலேயே இவ்வகையில் முதற்சட்டம் அதுவே. இதற்கு இனமேம்பாட்டு இயல் என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். அறிவியலின் பெயரால் செய்வதால் ஐயம் கொள்வார் சிலரே இருந்தனர். அடுத்து வந்த ஆளுநர் தாமசு மார்சல் 1909இல் அதனை நிறுத்திவைத்தார். 1921இல் இந்தியானா உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. ஆனால் 1927இல் விசாரணை, மேல்முறையீடு முதலிய நடைமுறைகளைச் சேர்த்துப் புதிய சட்டம் செய்தனர். அது 1974 வரை நீடித்தது. மாநிலக் காவலில் இருந்த ஏறக்குறைய 2,500 பேர் இவ்விதம் மலடாக்கப்பட்டனர்.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தை வரலாற்று நூல்கள் பலவும் கூறும். அதைவிட உள்ளத்தை உறுத்துவது 1971இல் நடந்த ஒரு நிகழ்ச்சி. இந்தியானாவின் டிகால்பு கவுண்டியில் ஒரு தாய், தன் பதினைந்து வயது மகள் மந்தபுத்தியுள்ளவள் என்றும், அவளுக்குக் கருத்தரியா அறுவை செய்ய அனுமதிக்கவேண்டும் என்றும் நீதிபதிக்கு மனுக் கொடுத்தார். அச்சிறுமி பள்ளியில் தன் வயதினரோடு வகுப்பு மாறிப் படித்து வந்தவளே. நீதிபதி அன்றே கையொப்பமிட்டார். சிறுமியை விசாரிக்கவில்லை, அவள் சார்பில் பேச எவரையும் அமர்த்தவுமில்லை. குடல்வால் அறுவை என்று சொல்லி அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னாளில் மணமாகிக் குழந்தை வேண்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி தம் பதவி முறையில் செய்த செயலுக்கு அவர்மேல் வழக்கிட இயலாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்த்தது.

இங்குப் பெற்றவள் இசைந்தாள், நீதிபதி இசைந்தார், மருத்துவர் செய்தார். உடலுக்குரியவளிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை.

பெற்றோர் உரிமை என்ற கொள்கை பிறந்த இடமோ வேறு. அது ஒரு பள்ளிக்கூடம் என்பது ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மன் மொழிமீது வெறுப்பு மிகுந்திருந்த காலத்தில், நெபிராசுக்கா மாநிலம் சிறுவர்க்கு அயல்மொழி கற்பிப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தது. 1919இல் இந்தியானாவும் தொடக்கப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியை விலக்கிற்று. நெபிராசுக்காவில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயது மாணவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். அவருக்கு 25 டாலர் தண்டம் விதித்தார்கள். அவர் விட்டுவிடவில்லை. 1923இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, மொழியாசிரியர் தம் தொழிலைச் செய்யவும், பெற்றோர் தம் பிள்ளைகளை வளர்க்கும் முறையைத் தேரவும் உரிமை உடையவர் என்றது. தாய்மொழி கற்பித்த ஒரு மனிதரின் பிடிவாதத்திலிருந்து, நூறாண்டுக்குப் பின் மருத்துவ வழக்குகளிலும் எடுத்தாளப்படும் ஒரு கொள்கை பிறந்தது.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

தம் பிறவிப் பாலினத்தோடு மனம் ஒன்றாமல் வருந்தும் இளையோர் சிலர் உண்டு. அவர்களுக்குப் பருவமடைதலைத் தாமதிக்கும் மருந்தும், பின்னர் ஹார்மோன் மருந்தும் அளிக்கும் முறை சென்ற இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் முதலிய பெரிய மருத்துவ அமைப்புகள் இதனை ஆதரித்தன. மறுபுறம், பின்லாந்து 2020இலும் சுவீடன் 2022இலும் இம்மருந்துகளைத் தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தன. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வந்த காசு அம்மையாரின் ஆய்வறிக்கை, இதற்கான மருத்துவச் சான்றுகள் வலுவற்றவை என்றது. மருத்துவ உலகிலேயே உடன்பாடில்லாத பொருள் என்பதை இரு திறத்தாரும் சில வேளைகளில் மறந்து விடுகின்றனர்.

அமெரிக்காவில் 2021இல் அர்க்கன்சா மாநிலம் முதன்முதலாக இம்மருத்துவத்தைச் சிறார்க்குத் தடைசெய்தது. அதன் ஆளுநர் ஏசா ஹட்சின்சன் சட்டத்தை மறுத்துத் திருப்பியனுப்பியும் சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றிற்று. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. இந்தியானாவில் ஆளுநர் எரிக் ஹோல்கம் 2023 ஏப்ரல் 5ஆம் நாள் கையொப்பமிட்டார். ஏற்கெனவே ஹார்மோன் மருந்து பெற்றுவந்தவர்கள் அவ்வாண்டு முடிவதற்குள் நிறுத்திக்கொள்ளவேண்டும். வேறொரு மருத்துவர் இதனைச் செய்ய உதவுதலும் தடையில் சேர்க்கப்பட்டது. பிறவியிலேயே பாலுறுப்பு அமைப்பில் மாறுபாடு உள்ள குழந்தைகளுக்கு விலக்கு உண்டு.

வழக்கு எழுந்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2023 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி மருந்துகள் பற்றிய பகுதியை நிறுத்தி வைத்தார். அறுவை பற்றிய பகுதியை அவர் தடுக்கவில்லை. காரணம், சிறார்க்கு அத்தகைய அறுவை செய்வோர் இந்தியானாவில் எவருமில்லை என்பது வழக்கில் வெளிப்பட்டதே. ஊர்க்கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டதோ அறுவைதான். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. நவம்பரில் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பும் கூறிற்று. டென்னசி மாநிலத்தின் இதுபோன்ற சட்டத்தை 2025 ஜூன் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என ஏற்றது. அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் இவ்வகைச் சட்டம் செய்திருந்தன. ஆண் பெண் சமத்துவம் பற்றிய கேள்வியை மட்டுமே அந்நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மேயர் ஆசிரியர் வழக்கிலிருந்து வந்த பெற்றோர் உரிமைக் கேள்வியை அவ்வழக்கில் அது தீர்க்கவில்லை.

இரண்டும் சந்திக்கும் இடம்

இச்சட்டங்கள் பற்றிய சொற்போரில் இறப்பு என்ற சொல் அடிக்கடி வந்தது. மருத்துவம் மறுக்கப்பட்டால் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வர் என்று ஒரு சாரார் அஞ்சினர். அவ்வாறு அச்சுறுத்துவது முறையன்று என்று மற்றவர் சினந்தனர். 2024 டிசம்பர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் டென்னசி வழக்கு வாதிடப்பட்டபோது நீதிபதி அலிட்டோ இதனை வினவினார். சட்டத்தை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர், தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைவதற்கு ஆய்வுகள் உண்டு, ஆனால் உயிர் போய்விடும் நிகழ்ச்சிகள் மிக அரியவை, அவை குறைவதாக அவ்வாய்வுகள் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஏன் தெளிவாகத் தெரியவில்லை? நிகழ்ச்சிகள் அரியவை என்பது ஒரு காரணம். மற்றொன்றைக் கொரோனரின் மேசைமேல் காணலாம். நாட்டின் தற்கொலைக் கணக்கு என்பது ஆயிரக்கணக்கான இறப்புச் சான்றிதழ்களின் கூட்டுத்தொகை. அமெரிக்காவின் பொதுமாதிரிச் சான்றிதழில் பால் என்று ஒரு கட்டம் உண்டு. இறந்தவர் திருநங்கையா, திருநம்பியா என்று குறிக்க இடமில்லை. சிறிய ஊரில் கொரோனர் இறந்த பிள்ளையின் குடும்பத்தை நன்கறிந்தவராக இருப்பார். அடுத்த தேர்தலில் அவர்களிடமே வாக்குக் கேட்கவேண்டியவர். தற்கொலை என்று எழுதுவதா, விபத்து என்று எழுதுவதா என்ற இடத்தில், அந்தப் பழைய ஆங்கில ஊர்ச்சான்றோரின் இரக்கம் அவரையும் பற்றிக்கொள்ளக்கூடும். பெற்றோர் சொல்ல விரும்பாத ஒன்றை அவர் எப்படிக் கேட்பார்? அறியாமலே வளர்த்த பெற்றோரும் உண்டு. ஆகவே, இத்தனை பிள்ளைகள் என்று உறுதியாகக் கூறுவோரும், ஒருவருமில்லை என்று மறுப்போரும், எவரும் எழுதி வைக்காத ஏட்டிலிருந்து மேற்கோள் காட்டுகின்றனர்.

இதனைச் சீர்செய்யச் சில இடங்களில் முயன்றனர். கலிபோர்னியா 2014இல் ஒரு சட்டம் இயற்றி, இறந்தவர் வாழ்வில் கொண்டிருந்த பாலின அடையாளத்தையே சான்றிதழில் எழுதவேண்டும் என்று விதித்தது. அது 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இது மதிப்புக்காகச் செய்தது, கணக்குக்காக அன்று. பெண்ணாக வாழ்ந்தவரைப் பெண் என்றே எழுதிவிட்டால் திருநங்கையர் எத்தனைபேர் என்பது அதிலும் தெரியாது. லாசு ஏஞ்சல்சு கவுண்டி 2019இல் வேறு வழியை எடுத்தது. வன்முறையாலோ தற்கொலையாலோ இறந்தவர்களின் பாலின அடையாளத்தையும் பாலியல் நாட்டத்தையும் உற்றாரிடம் கேட்டறிந்து தனியே பதிவு செய்யக் கொரோனர் அலுவலக ஆய்வாளர்களைப் பயிற்றத் தீர்மானித்தது. 2021இல் கலிபோர்னியா மாநிலமும் சில கவுண்டிகளில் இதனைச் சோதனையாகச் செய்யச் சட்டம் செய்தது. துக்க வீட்டில் நின்றுகொண்டு, வேண்டியவரை வேதனைப்படுத்தாமல், கேட்கவேண்டியதைக் கேட்பது எளிய பயிற்சியன்று. லாசு ஏஞ்சல்சில் அதற்கெனப் பெரிய அலுவலகமும் முழுநேர ஆய்வாளர்களும் உள்ளனர். இந்தியானாவின் சிறிய கவுண்டிகளிலோ கொரோனர் பலர் வேறு தொழில் ஒன்றைச் செய்துகொண்டே இப்பணியையும் பார்ப்பவர்கள். அழைப்பு வந்ததும் தம் வேலையை விட்டுவிட்டு, அந்த ஒரு படிவத்தோடு அவர்கள் துக்க வீட்டுக்குப் போகிறார்கள்.